சிரிக்காமல் விட்ட ஷாட்

சினிமாவில் சோலைச்சாமி எத்தனை தடவை செத்தார் என்பது பரளச்சியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. லாரியில் அடிபட்டுச் செத்திருக்கிறார். கள்ளச்சாராயம் குடித்துச் செத்திருக்கிறார். முதலாளிக்கு வந்த கத்தியைக் குறுக்கே விழுந்து தான் வாங்கிச் செத்தது மட்டும் நாலைந்து படத்தில் வரும். கடைசியாக, போன மாசம், எட்டரை மணி சீரியலில் பெரிய வீட்டுப் பெரியவராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துச் செத்தார். மற்ற சாவெல்லாம் சுகமாகத்தான் முடிந்தன. இந்தச் சாவில்தான் வில்லங்கம் வந்து சேர்ந்தது.

“நான் ஆபரேசனுக்கு வரல.”

புதன்கிழமை சாயங்காலம் வேப்பமரத்துக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவர் இதைச் சொன்னபோது, மகள் யுவராணி அருப்புக்கோட்டை பஸ்ஸை விட்டு இறங்கி வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். நாளெல்லாம் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் வீட்டுக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தாள்.

“வரலைன்னா?”

“வரலைன்னா வரலை.”

“யப்பா, நெஞ்சுக்குப் போற கொழாய் மூணும் அடச்சுக் கெடக்குன்னு டாக்டர் படம் போட்டுக் காமிச்சாரா இல்லியா? திங்கக்கிழமை மதுரையில வந்து சேரச் சொல்லியாச்சு. நான் லீவு சொல்லியாச்சு. இப்ப வந்து வரலைங்கிற.”

சோலைச்சாமி கட்டில் கயிற்றை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி முத்துப்பேச்சி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“காலையில இருந்து கேட்டாச்சு. சிரிக்கல சிரிக்கலைங்கிறாக. எனக்கு ஒண்ணும் ஓடல. நீதான படிச்சவ, என்னன்னு கேளு.”

“என்ன சிரிக்கல?”

“பொட்டிக்குள்ள இருந்து எந்திரிச்சுச் சிரிக்கல,” என்றார் சோலைச்சாமி. “சிரிக்காம வந்துட்டேன். அதை எடுக்காமக் கத்திக்குப் படுக்க மாட்டேன்.”

யுவராணிக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருக்கிற ஆளைப் பிணமாகப் படுக்க வைத்துப் படம் எடுத்தால், எடுத்து முடித்த கையோடு அதே இடத்தில் அவரை எழுந்து உட்காரச் சொல்வார்கள். கழுத்து மாலையை அவரே கழற்ற வேண்டும். கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் ஒரு ஷாட்டாகவே எடுப்பார்கள். படத்தில் அது வராது. எங்கேயும் வராது. ஆனால் எடுக்காமல் யாரும் கேமராவை மூட மாட்டார்கள். எடுக்காமல் விட்டால் அந்தச் சாவு அந்த ஆளோடு வீட்டுக்கு வந்துவிடும் என்று ஒரு பயம்.

யுவராணி இந்தச் சிரிப்போடு வளர்ந்தவள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவுக்குத் தெரு செல்போன் கிடையாது. போன் இருந்தது காசிராஜன் மளிகைக் கடையில். மெட்ராஸில் சோலைச்சாமி செத்து எழுந்த அன்றைக்கெல்லாம் அந்தக் கடைக்கு ஒரு போன் வரும். காசிராஜனின் மனைவி சுந்தராம்பாள் தெரு முக்குக்கு வந்து, தெக்குத் தெருவைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

“ஏ முத்துப்பேச்சி, உன் வீட்டுக்காரன் சிரிச்சாச்சாம்.”

அவ்வளவுதான் சேதி. எங்கே இருக்கிறார், சாப்பிட்டாரா, எப்போது வருவார், ஒன்றும் கிடையாது. முத்துப்பேச்சி வேலிக்கால் ஓரம் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாலும், கொத்தமல்லிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாலும் நிமிர்ந்து ஒரு தடவை தாலியைத் தொட்டுவிட்டுத் திரும்பக் குனிவாள். அன்றைக்கு ராத்திரிக் குழம்பில் கருவாடு விழும்.

பள்ளிக்கூடத்தில் தங்கசாமி என்று ஒருவன், “ஏலே, இவுக அப்பா நேத்து டி.வி.யில செத்துட்டாருலே” என்பான். யுவராணி அசர மாட்டாள். “அவுக சிரிச்சாச்சு” என்பாள். செத்தவர்கள் சிரித்துவிட்டால் சாவு செல்லாது என்றே அவள் நம்பியிருந்தாள். ஒரு பங்குனியில் வீட்டு வெள்ளாட்டுக் குட்டி ஒன்று வயிறு ஊதிச் செத்துப்போனபோது, அதன் பக்கத்தில் குத்த வைத்து, வாயை இரண்டு பக்கமும் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பொழுது சாய உட்கார்ந்திருந்தாள். முத்துப்பேச்சி வந்து முதுகில் ஒன்று வைத்துக் கூட்டிப் போனாள். அந்தக் குட்டியின் ஈறு எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பது இப்போதும் அவள் விரலுக்குத் தெரியும்.

படித்த பிறகு இதையெல்லாம் நினைத்தால் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. எரிச்சல்பட அவளுக்குக் காரணங்களும் நிறைய இருந்தன.

சோலைச்சாமி சினிமாவுக்குப் போனது மூச்சினால். வாலிப வயசில் ஊர்க் கிணறுகளில் வாளி விழுந்தால், பாதாளக்கரண்டிக்குச் சிக்காத வாளிக்கு அவரைத்தான் இறக்குவார்கள். முங்கினால் மேலே நிற்கிறவர்கள் பயந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிற மட்டும் எழ மாட்டார். பந்தல்குடியில் லாரிக் கிளீனராகி, மல்லி மூட்டை லோடோடு மெட்ராஸ் போனவர், லோடு இறக்கிவிட்டு வடபழனிப் பக்கம் ஷூட்டிங் வேடிக்கை பார்க்க நின்றார். வெள்ளத்தில் செத்தவர்களை வரிசையாகப் படுக்க வைத்து எடுக்கிற காட்சி. ஆள் குறைகிறது என்று கூட்டத்தில் நின்றவரையும் பிடித்துப் படுக்கப் போட்டார்கள். மற்ற பிணங்களின் வயிறு ஏறி இறங்கியது. ஒரு பிணம் மட்டும் கல்லாகக் கிடந்தது. “யாருய்யா அந்தக் கடைசிப் பொணம்? நெசமாவே போயிட்டானா பாரு” என்று கேமராமேன் ஆள் அனுப்பினார். அந்த லாரி சோலைச்சாமி இல்லாமல் ஊர் திரும்பியது.

பிணமாக ஆரம்பித்தவர் மெல்ல மெல்ல உயிரோடு வர ஆரம்பித்தார். போலீஸ்காரரின் பின்னால் நிற்கிற போலீஸ்காரர். வில்லனின் ஐந்தாவது அடியாள். கோர்ட்டில் பேரை மூன்று தடவை கூப்பிடுகிற டவாலி. உர விளம்பரத்தில் வாடின பயிரைப் பார்த்துக் கவலைப்படுகிற விவசாயி. வேற்று மொழிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்தபோது கூட்டத்தில் கேட்கிற “அய்யய்யோ, விட்டுருங்கய்யா.” ஒரே ஒரு வேஷம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. டாக்டர். “டாக்டர்னா கொஞ்சம் வெளுப்பா வேணும்ணே” என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். ஒரு தடவை மொட்டைத் தலையோடு, ஒரு தடவை சாமியார் தாடியோடு, ஒரு தடவை பாதி மீசையோடு. வீட்டு நாய்க்கு அவர் பிடிபட்டதே இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுசாகக் குரைக்கும். மேலுதட்டில் மீசை ஒட்டின கோந்து காய்ந்திருக்கும். மடியில் உட்கார்ந்து நகத்தால் அதைச் சுரண்டி எடுப்பது யுவராணியின் வேலை. “பையச் சுரண்டுத்தா, உதடு சொந்த உதடு” என்பார். அந்தக் கோந்து வாசனை எங்கேயாவது பெயிண்டுக் கடைப் பக்கம் வந்தால் அவளுக்கு இன்றைக்கும் கால் நின்றுவிடும்.

ஆனால் அவர் உடம்போடு வந்த இன்னொன்றை அவளால் மன்னிக்க முடியவில்லை. துண்டு. அவருக்கு அதிகமாகக் கிடைத்த வேஷம் பண்ணையாள். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை வளைத்து, “சரிங்கய்யா” என்று பின்பக்கமாகவே நடந்து போகிற ஆள். பாட்டன் காலத்தில் நிஜமாகவே அப்படி நின்ற குடும்பம் அது. விறகை எரித்துக் கரிமூட்டம் போட்டும், அடுத்தவன் காட்டில் களை வெட்டியும், லோடு ஏற்றியும் அந்த நிலையிலிருந்து நிமிர்ந்து எழ இரண்டு தலைமுறை பிடித்தது. அந்தத் துண்டைத் திரும்ப எடுத்துக் கையில் கொடுத்து, சம்பளமும் கொடுத்தார்கள். காலேஜ் விடுதியில் ஒரு படம் ஓடியபோது, ஒருத்தி, “இந்த ஆளைப் பாத்தாலே பாவமா இருக்குடி, பிறவியிலயே அடிமை மூஞ்சி” என்றாள். யுவராணி எழுந்து போய் டி.வி.யை அணைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “எனக்குப் பரிட்சை இருக்கு” என்றாள். எங்கப்பா என்று சொல்லவில்லை.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குப் போனபோது ஆபீஸில் ஒருவர், “அப்பா தொழில் என்ன? நடிகர்னு போடவா, கூலின்னு போடவா?” என்று சிரித்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் சோலைச்சாமி, “கூலின்னே போடுங்கய்யா” என்றார். உடம்பு தானாக வளைந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் பரளச்சி வரும்வரை அவள் அவரோடு பேசவில்லை.

அப்புறம் சீரியல் வந்தது. எப்படியோ யாருக்கோ தோன்றி அவருக்குப் பட்டுச் சட்டை போட்டு, ஊஞ்சலில் உட்கார வைத்துப் பெரியவர் ஆக்கினார்கள். மூன்று மருமகள்களின் சண்டையைத் தீர்த்துக்கொண்டு சில வருஷம் அதில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் காசிராஜன் கடையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். சுந்தராம்பாள் ‘உன் வீட்டுக்காரன்’ என்பதை விட்டுவிட்டு ‘அவுக’ என்று சொல்லத் தொடங்கினாள். முத்துப்பேச்சிக்கு அதில் பெருமை. யுவராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். டி.வி.யில் உட்கார்ந்தால்தான் கடையில் உட்கார விடுவார்களாம்.

சீரியல் படுத்தது. நிமிர்த்துவதற்குப் பெரியவரைக் கொன்றார்கள். ஐஸ் பெட்டிக்குள் படுக்கப் போட்டு, மருமகள்கள் ஒவ்வொருத்தியாகக் கண்ணாடியில் அடித்து அழுதார்கள். நடுவில் சோலைச்சாமிக்கு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி ஒரு வலி. அசையவில்லை. கட் சொல்லாமல் அசைகிற பழக்கம் அவருக்கு இல்லை. மூன்றாவது மருமகள் அழுது முடித்து, கட் சொல்லி, பெட்டியைத் திறந்தபோது அவருக்கு வேர்த்து ஊற்றியிருந்தது. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மாலை ரோட்டில் விழுந்தது. சிரிப்பை யார் நினைத்தார்கள்?

“சாத்திரமும் இல்ல மண்ணும் இல்ல,” என்றாள் யுவராணி. “டாக்டர் படிச்சுட்டுச் சொல்றதைக் கேக்க மாட்ட. கேமராக்காரன் சொன்னதைக் கேப்ப. சிரிக்கணும், அம்புட்டுத்தான? இந்தா, சிரி.”

செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். சோலைச்சாமி கீழ்ப்படிந்து சிரித்தார். அவள் அதை அவரிடமே காட்டினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இது ரேசன் கார்டுக்கு ஆகும்.”

“ஏன், பல்லு தெரியலையோ?”

“இது சிரிப்பு இல்லத்தா. நீ வையிறியேன்னு காமிச்சது.”

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. மகள் பார்த்த பார்வையில் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் நின்று யுவராணி சீரியல் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டாள். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

“ஷூட்டிங் எடுத்த வீட்டையே காலி பண்ணிட்டோம்மா. ஐயா போட்டோவுக்கு மாலை போட்டு மாட்டியாச்சு. கதை எங்கேயோ போயிடுச்சு. இப்ப வந்து சிரிக்கணும்னா எதுல சிரிப்பாரு?”

“அவரு நெஞ்சு வலியோட கெடந்ததை மட்டும், தத்ரூபமா இருக்குன்னு டி.வி.யில ஓட விட்டீங்கள்ல. அப்ப இப்பிடி நிதானமா யோசிக்கத் தோணலையா?”

“கோவப்படாதீங்க. அதெல்லாம் பழைய ஆளுங்க நம்பிக்கை. நீங்க படிச்சவங்க.”

இதையேதான் அவளும் முந்தின நாள் சொன்னாள். ஆனால் அந்த ஆள் வாயால் கேட்டபோது பற்றிக்கொண்டு வந்தது. “எங்கப்பா நம்பிக்கைய நான் பேசுவேன், நீங்க பேசக் கூடாது” என்று சொல்லிப் போனை வைத்தாள். வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாள்.

சாயங்காலம் வந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. அது அவருக்கே புதுசாக இருந்தது.

“முடியாதுங்கிறாக. இப்ப என்ன செய்வ?”

மக்காச்சோளத் தட்டை ஏற்றின டிராக்டர் ஒன்று போனது. தூசி அடங்கினதும் சோலைச்சாமி சொன்னார்.

“எல்லா ஷாட்டுலயும் கேமராவப் பாக்காத, கேமராவப் பாக்காதன்னுதான் சொல்லுவாக. குனி, இன்னுங் குனி, துண்டை எடுத்து இடுக்குன்னுவாக. அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டுந்தான், அண்ணே நிமிந்து பாருங்க, உங்க இஷ்டத்துக்குச் சிரிங்கன்னு கேப்பாக. பெரிய ஹீரோ எல்லாம் வெயில்ல காத்துக் கெடப்பாக, நான் சிரிச்சு முடிக்க. எத்தனை படத்துல எத்தனை சிரிப்பு சிரிச்சிருக்கேன் தெரியுமா? அம்புட்டும் நான். சோலைச்சாமி. ஒருத்தரும் பாத்ததில்ல, அது வேற.”

“அதுக்காக அடச்ச கொழாயோட கெடக்கப் போறியா?”

“பயமாவும் இருக்குத்தா,” என்றார்.

அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. பயப்படுகிற மாதிரி நடித்ததை எத்தனையோ பார்த்திருக்கிறாள். இது அதில் சேரவில்லை.

அவள் நம்பினாளா என்றால், இல்லை. ஆனால் திங்கட்கிழமை அவர் மதுரையில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே போனது இம்மானுவேல் ஸ்டூடியோவுக்கு.

இம்மானுவேல் பாலவனத்தத்துக்காரன். சோலைச்சாமி சொல்லித்தான் ஒருகாலத்தில் மெட்ராஸில் கேமரா உதவியாளாகச் சேர்ந்தான். லென்ஸ் பெட்டி சுமந்தது போதும் என்று திரும்பி வந்து, இப்போது அருப்புக்கோட்டையில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எழவு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறான். அவள் பாதி சொல்வதற்குள் அவன் முகம் மாறிவிட்டது.

“எடுக்காமலா விட்டானுக? பாவிப் பயலுக.”

“நீங்களுமாண்ணே?”

“இந்தா பாரு டீச்சர், நீ நம்பு, நம்பாமப் போ. ஆனா சிரிப்பத் தனியா எடுத்தாச் செல்லாது. செத்த ஷாட்டும் சேத்து எடுக்கணும். அப்பத்தான் அது தொடர்ச்சி. ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் இல்ல, வாரேன். மாலை மட்டும் நீ வாங்கி வச்சிரு.”

ஆபரேஷனுக்குக் கிளம்புகிற முந்தின நாள் பெற்ற அப்பனுக்குப் பிண மாலை வாங்கின ஒரே டீச்சர் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அருப்புக்கோட்டைப் பூக்கடையில் நின்றாள். “யாருக்கும்மா?” என்றாள் பூக்காரி. “அப்பாவுக்கு,” என்றாள். “அடடா. எப்ப ஆச்சு?” “இனிமேத்தான்.” பூக்காரி அதன் பிறகு விலை பேசவில்லை.

பத்து மணி வெயிலில் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டார்கள். சோலைச்சாமி துணிப் பெட்டியைத் திறந்து சீரியலில் கட்டின பட்டு வேட்டியை எடுத்தார். பார்த்துவிட்டு, மடித்து உள்ளே வைத்தார். வீட்டில் கட்டுகிற சாயம் போன கைலியும் வெள்ளைப் பனியனும் போதும் என்றார். மூக்குக்குப் பஞ்சு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு துணி, நெற்றியில் ஒற்றை ரூபாய்க் காசு, கழுத்தில் அந்த மாலை. எல்லாவற்றையும் அவரே செய்துகொண்டார். முத்துப்பேச்சி, “நான் இதப் பாக்க மாட்டேன், என்னையக் கூப்புடாதிய” என்று அடுப்படிக் கதவைச் சாத்தினாள். சாத்தின கதவு ஒரு விரல்கடைக்குத் திறந்தே இருந்தது.

தெரு கூடிவிட்டது. சுந்தராம்பாள் கடையைக் காசிராஜனிடம் விட்டுவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் கிடக்கிற நாற்காலியைத் தூக்கிவந்து தெருவில் போட்டு உட்கார்ந்தாள்.

இம்மானுவேல் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தினான். “டீச்சர், நீதான் டைரக்டர். ஆக்‌ஷன் சொல்லு, கட் சொல்லு. கட் நீ சொன்னாத்தான் முடியும். நடுவுல நான் பேச மாட்டேன்.”

“வேற ஆளே இல்லியா?”

“ஏத்தா, சொல்லு,” என்றது பிணம், கண்ணை மூடிக்கொண்டு.

அவள் சொன்னாள்.

சோலைச்சாமியின் மூச்சு நின்றது. வயிறு அசையவில்லை, தொண்டை அசையவில்லை, இமைக்குள் விழி அசையவில்லை. இத்தனை வருஷமாக டி.வி.யில் பார்த்த சாவை முதல் தடவையாக யுவராணி நேரில் பார்த்தாள். ரோஜா இதழ் ஒன்று கழுத்தில் ஒட்டியிருந்தது. போதும், எழு, எழுந்து தொலை என்று மனசுக்குள் சொன்னாள். ஆட்டுக்குட்டியின் ஈறு விரலில் வந்தது. எவ்வளவு நேரம் படுத்திருக்க வேண்டும் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரத்தில்தான் ஷேர் ஆட்டோவிலிருந்து தங்கச்செல்வி இறங்கினாள்.

சோலைச்சாமியின் தங்கச்சி. பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்தது. அண்ணனுக்கு ஆபரேஷன், போகிற முன்னால் பார்த்துவிட்டு வரலாம் என்று தூக்குச் சட்டியோடு வந்தவள், தெரு முக்கில் நின்று பார்த்தாள். கூட்டம். நாற்காலி. பெஞ்சில் மாலையோடு அண்ணன். பக்கத்தில் வீடியோ. இப்போதெல்லாம் எழவு வீட்டில் வீடியோ இல்லாமல் பாடை கிளம்புவதில்லை. அவளுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“யண்ணே,” என்று ஒரு குரல் வந்தது. தெருவே திரும்பியது.

யாரும் தடுப்பதற்குள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து பெஞ்சின் தலைமாட்டில் விழுந்தாள். தூக்குச் சட்டியை மட்டும் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டுத்தான் நெஞ்சில் அடித்தாள்.

“ஒரு வாய் சூப்புக் குடிக்காமப் போயிட்டியேண்ணே. ஆட்டுக்காலு வேகலன்னு இன்னும் ரெண்டு விசில் வச்சனே, அந்த நேரத்துலயா போவ? மூணாமத்து விசில் வைக்கயில எனக்குக் கண்ணு துடிச்சதே. சூட்டிங்கு காமிக்கிறேன் சூட்டிங்கு காமிக்கிறேன்னு சொல்லியே என் தலை நரைச்சுப் போச்சே. கடைசியில உன் எழவைத்தான் வீடியோவுல காமிச்சியா?”

“அத்தை,” என்றாள் யுவராணி. இம்மானுவேல் கையைக் காட்டினான். ஓடிக்கொண்டிருக்கிறது, பேசாதே.

தங்கச்செல்வி அடுப்படியைப் பார்த்துத் திரும்பினாள். “மதினி எங்க? எங்க அவ? உப்பில்லாமப் போட்டுப் போட்டே எங்கண்ணன் உசுர எடுத்துட்டாளே. நாக்குச் செத்துப்போயில்ல போய்ச் சேந்தான். உப்புப் போடாதவ கையால கெடந்து—”

கதவு படாரென்று திறந்தது.

“யாரு கொன்னா? உப்புப் போடாதன்னு டாக்டர் சொன்னாரு. உங்கண்ணன் ராத்திரி எந்திரிச்சு ஊறுகா தின்னதை எழுதி வச்சு அழு.”

“செத்தவன் மேல பழி போடாத மதினி.”

“அவுக எங்க செத்தாக? கேமராவுக்குச் செத்துக் கெடக்காக.”

“கேமராவுக்கா?”

பெஞ்சு லேசாகக் குலுங்கியது. முதலில் பார்த்தது யுவராணிதான். கிணற்றுக்குள் கட்டிப் பழகின மூச்சு, எத்தனையோ கேமராக்கள் அசைக்க முடியாத மூச்சு, அடிவயிற்றில் துடித்தது. மூக்குப் பஞ்சு ஒன்று தெறித்து விழுந்தது. நெற்றிக் காசு சரிந்து காதோரம் ஓடியது. சோலைச்சாமி எழுந்து உட்கார்ந்தார். கால் கட்டு இழுத்ததில் ஒருபக்கமாகச் சாய்ந்து, தங்கச்சி தோளையே பிடித்து நிமிர்ந்து, மாலையைத் தலைக்கு மேல் கழற்றி அவள் கழுத்தில் போட்டார்.

“மூணாமத்து விசில் வைக்கயில…” என்றார். அதற்கு மேல் முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

தங்கச்செல்வி மாலையோடு நின்று அண்ணனையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை ஓங்கி அவர் முதுகில் ஒன்று வைக்கப் போய், நெஞ்சு நோயாளி என்று நினைப்பு வந்து, பெஞ்சில் வைத்தாள். “நாசமாப் போறவனே, ஆட்டோக் காசைக் குடு.” அதற்கும் சிரித்தார். முத்துப்பேச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தெரு சிரித்தது.

சிரிப்பின் நடுவில் அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். ஒரு துண்டும் இல்லாத தோள். கிழிந்த பனியன். அந்த முகத்தை யுவராணி எந்தப் படத்திலும் பார்த்ததில்லை, எந்த வேஷத்திலும். கோந்து சுரண்டுகிற வயசில் மடியில் உட்கார்ந்து ரொம்பக் கிட்டத்தில் பார்த்திருக்கிறாள். அந்த முகம்தான். மெட்ராஸில் எந்தெந்தப் பிலிம் பெட்டியிலோ, யாரும் போட்டுப் பார்க்காமல், இதே முகம் இன்னும் எத்தனை கிடக்கிறதோ என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணீர் மறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

நாற்காலியிலிருந்து சுந்தராம்பாள் எக்கிப் பார்த்தாள். முன்னால் நின்ற ஆட்கள் அவளுக்கு மறைத்தார்கள்.

“ஏ முத்துப்பேச்சி, அவுக சிரிச்சாச்சா?”

“சிரிச்சாச்சுக்கா,” என்றாள் முத்துப்பேச்சி. இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்த சேதியை முதல் தடவையாகத் தன் வாயால் சொன்னாள். சொல்லிவிட்டு, பழக்கத்தில் தாலியைத் தொட்டாள்.

சோலைச்சாமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தெரு அடங்கியும் அவர் அடங்கவில்லை. கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல், பல்லை மூடாமல், உதட்டை அதிகம் அசைக்காமல் பேசினார்.

“ஏத்தா, கட் சொல்லு.”

யுவராணி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சொல்ல மனசில்லை.

“வாய் வலிக்கித்தா. சொல்லு. மதுரைக்குப் போடுற சட்டை ரெண்டும் காயப் போட்டபடி கெடக்கு. எடுத்து மடிக்கணும்.”